உள்ளே யாரோ நடக்கிறார்கள்

என் கல்லீரலுக்குள் ஓர் ஏரியே குடிவந்துவிட்டது என்று ஒரு வாரம் முழுவதும் நம்பியவன் நான். ஏரி என்றால் வெறும் தண்ணீர் இல்லை. கரையில் மஞ்சள் பூசி நிற்கும் ஏழு கன்னிமார், அவர்களுக்குப் படைக்காமல் பறித்த அல்லி, அந்த அல்லிக்குக் கணக்குக் கேட்க வந்த ஏதோ ஒன்று, எல்லாம் சேர்ந்து என் வலது விலாவுக்குக் கீழே. நான் அப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். கை கழுவும் முறையைப் படம் போட்டு விளக்கும் போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் இதை நம்பினேன்.

இப்போது எழுதக் காரணம் ஒரு மிஷின். கண் கொஞ்சம் மக்கர் செய்ததால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வேங்கிக்காலில் வீட்டோடு இருக்கிறேன். நான் கிளம்பிய கையோடு நிலையத்தில் ஒரு புது மிஷின் வந்து இறங்கியிருக்கிறது. என் இடத்துக்கு வந்த பிள்ளைகள் அதன் போட்டோவைக் காட்டவே வீடு தேடி வந்தார்கள். “அண்ணே, ரத்தத்த உள்ள வெச்சா போதும், எல்லா அணுவையும் எண்ணி பேப்பர்ல குடுத்துடுது. நீங்க இத்தன வருஷம் மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு குனிஞ்சு இன்னாதான் பாத்தீங்க?” என்று கேட்டார்கள்.

“பேயப் பாத்தேன்” என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

படிப்பைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டிப்ளமா, கொஞ்ச நாள் தனியார் லேபில் எடுபிடி, பிறகு அரசு வேலை. அங்கே இங்கே மாற்றலாகி, கடைசியில் கீழ்பென்னாத்தூர் பக்கத்து நிலையத்தில் வந்து ஒட்டிக்கொண்டேன். சளி, ரத்தம், சிறுநீர், மலம். மனிதன் வெளியே தள்ளுவதையெல்லாம் உள்ளே வாங்கிப் பார்க்கிற உத்தியோகம். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் பந்தி முடியட்டும், சொல்கிறேன் என்பேன்.

எங்கள் மெடிக்கல் ஆபீசர் ஒரு பெண். நாங்கள் மேடம் என்போம், ஊர் டாக்டரம்மா என்னும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதனால்தான் எல்லோருக்கும் பயம். நோயாளி உட்கார்ந்ததும் என்ன செய்கிறது என்று கேட்கமாட்டார். கையை வாங்கி நகத்தைப் பார்ப்பார். பிறகு, “என்ன சாப்பிட்டீங்க?” என்பார். சொன்னதும், “அப்புறம்?” என்பார். அப்புறம் ஒன்றும் இல்லை என்று ஆள் சொல்லும்வரை அந்த அப்புறம் தொடரும். நான் ரிப்போர்ட்டை நீட்டினால் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து, “இன்னொரு தடவை பாருங்க சேகர்” என்பார். சரியாக இருந்தாலும் இன்னொரு தடவைதான். ‘இந்தம்மா கழுத்துல தாலி கட்டினப்பவும் இன்னொரு தடவைனு சொல்லியிருக்கும்’ என்று என் மனைவியிடம் சொல்லுவேன்.

ஆடி மாதத்தில் காய்ச்சல் முகாம் போட ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம். ஏரியில் மதகோரம் மட்டும் தண்ணீர் நின்றது. அதில் அல்லி. சுற்றிலும் ஈரச் சேறு, சேறு முடிகிற இடத்தில் வெளுத்துப்போன நத்தை ஓடுகள். கால் வைத்தால் நொறுங்கும். யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் வரும். செம்மறி ஆடுகள் சேற்றில் முழங்கால்வரை இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு காற்றில்லை, ஒரு பறவைச் சத்தமில்லை. சில ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரித் தொங்கியது. ‘ஊர்ல ஆட்டுக்கெல்லாம் தாடி வளருது போல’ என்று ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

முகாமில் ரத்தம் எடுக்க வந்த பிள்ளைகளில் ஒருத்தி கீர்த்தனா. நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டுக் காய்ச்சல், வயிற்று வலி.

“எங்க வலிக்குதும்மா?” என்றேன்.

சட்டைக்கு மேலேயே விலாவுக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள். “நேத்து இங்க இருந்துச்சு மாமா.” விரல் மெதுவாக நகர்ந்தது. “இன்னிக்கு இங்க வந்துடுச்சு.”

“எது?”

“தெரியல. உள்ள நடக்குது.”

பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பின்கழுத்தில் மயிர் எழுந்தது.

அவளுடைய அம்மா சுமதி பக்கத்தில் நின்றார். “இப்படித்தான் சார் சொல்லிக்கினே இருக்குது. பள்ளிக்கூடம் விட்டா ஆடு ஓட்டியாரப் போவும். கன்னிமாருக்கு ஒண்ணு வெச்சுட்டுத்தான் அல்லி பறிக்கணும், அது எங்க ஊர் வழக்கம். இது வெக்காம பறிச்சு, தண்டத் தின்னுட்டு வந்துச்சு. அவங்கதான் உள்ள பூந்துட்டாங்கனு ஊரே பேசுது.”

“ஏழு பேரும் பூந்தா எடம் பத்தாதே” என்றேன். சுமதி முறைத்தார். கீர்த்தனா மட்டும் சிரித்தாள். ஊசி குத்தியபோது அவள் அழவில்லை. முடிந்ததும் மடியில் வைத்திருந்த அல்லித் தண்டை எடுத்து, நார் உரித்து நீட்டினாள். “நான் அழலைனா நீங்க மிட்டாய் தரணும். உங்ககிட்ட இல்ல. அதனால நானே தரேன்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கித் தின்றேன். வெள்ளரிப்பிஞ்சு மாதிரி மொறுமொறுவென்று இருந்தது, கடைசியில் லேசாகச் சேற்று மணம். “என்னைப் புடிச்சாங்கனா ஏழு பேருக்கும் சேத்து என் பொண்டாட்டி பதில் சொல்லிக்குவா” என்று சொல்லிவிட்டு இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன். கோமாளித்தனத்தை அளவோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு உண்டு. சாயம் போட்டால் வயிறு முழுக்க ஆரஞ்சுச் சிவப்பில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும். இயோசினோபில் என்று பெயர். சாதாரணமாகக் கம்மியாகத்தான் இருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். அலர்ஜி வந்தாலோ, உடம்புக்குள் புழு பூந்தாலோ பெருகும். கீர்த்தனாவின் ஸ்லைடில் நான் தேடவே இல்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் தணல் தணலாக அவைதான் வந்து நின்றன. சாயம் ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்து வேறு ஸ்லைடு போட்டேன். அதே தணல்.

மேடம் தன் கண்ணாலேயே பார்த்தார். வழக்கத்துக்கு மாறாக இன்னொரு தடவை என்று சொல்லவில்லை. “உள்ள ஏதோ நடக்குது சேகர்” என்றார், மெதுவாக.

அந்தப் பிள்ளை சொன்ன அதே வார்த்தை. நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

மலத்தைப் பரிசோதித்தோம், ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைக் கொடுத்தோம். அது கேட்கவில்லை. பிறகு சுமதி வரவும் இல்லை. வேறெங்கோ மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் இருவரும் வந்தார்கள். பிள்ளையைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. உதடு, நகம், கண்ணுக்குள் சதை எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. இடுப்பில் பாவாடை நிற்கவில்லை. திருவண்ணாமலையில் ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் அங்கங்கே கறுப்பாகத் திட்டுகள். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கட்டியாக இருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் ஆபரேஷன் என்று தேதி கொடுத்துவிட்டார்கள்.

“கத்தி வெச்சா இந்த உடம்பு தாங்குமா மேடம்?” என்று சுமதி கேட்டார்.

மேடம் பிள்ளையின் கையை வாங்கினார். நகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “மலத்தைப் பாருங்க. உப்புத் தண்ணியில மிதக்க வெச்சுப் பாக்க வேணாம். இது மிதக்காது. அடியில தங்கறதப் பாருங்க” என்றார்.

அந்த முறை பொறுமை கேட்கும். மலத்தைத் தண்ணீரில் கரைத்து, வலைத்துணியில் வடிகட்டி, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி அசையாமல் வைக்க வேண்டும். கனமானவை அடியில் தங்கும். மேல் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். மேலே தண்ணீர் தெளியும்வரை இதே வேலை. கடைசி வண்டலில் ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்து பார்க்க வேண்டும். குப்பையெல்லாம் நீலமாகிவிடும். நாம் தேடுவது மட்டும் நீலமாகாது.

அன்று ஜன்னலுக்கு வெளியே மூட்டம். வழக்கமாகத் தெரிகிற தீப மலை இல்லை. லென்ஸுக்குக் கீழே முழு நீலம். ஸ்லைடை நகர்த்தினேன். நீலத்துக்குள்ளிருந்து பித்தளை மஞ்சளில் ஒன்று வந்து நடுவில் நின்றது. நான் அதுவரை பார்த்த புழு முட்டைகளைப்போல இரண்டு மடங்கு இருந்தது. நீள்வட்டம், வழவழப்பு. ஒரு முனையில் மட்டும் மெல்லிய கோடு. உற்றுப் பார்த்தேன். அது மூடி. உள்ளிருப்பது வெளியே வருவதற்காகவே வைத்த மூடி. மூடிய இமை மாதிரி இருந்தது. இன்னும் நகர்த்தினேன். இன்னொரு இமை. அதற்கும் அப்பால் இன்னொன்று.

“தட்டைப்புழு” என்றார் மேடம். “ஆடு மாட்டுக்குக் கல்லீரல்ல வர்றது. ஆட்டுச் சாணியில முட்டை ஏரிக்குப் போவும். நத்தைக்குள்ள வளரும். அப்புறம் தண்ணிச் செடியில ஒட்டிக்கினு காத்திருக்கும். அதைப் பச்சையாத் தின்னா உள்ள போயி, கொடலத் தொளச்சுக்கினு கல்லீரலுக்குள்ள நடக்கும். முட்டை போட மூணு நாலு மாசம் ஆவும். அதனாலதான் ஆடியில நமக்கு ஒண்ணும் தெரியல. மனுஷங்களுக்கு வந்து நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்.”

அவர் பேசியதில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். அல்லித் தண்டு. ஆடியில் நான் தின்ற இரண்டு தண்டு. இப்போது மூன்று நாலு மாதம்.

அந்த நிமிஷமே என் வலது விலாவுக்குக் கீழே யாரோ ஒரு எட்டு எடுத்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொன்னால் வெட்கக்கேடு. பஸ்ஸில் நிற்கும்போது இடது பக்கம் சாய்ந்தே நின்றேன், அது வழுக்கி அந்தப் பக்கம் போய்விடட்டும் என்று. மூச்சை அடக்கி வயிற்றைக் கவனிப்பேன். நத்தை ஓடு நொறுங்குகிற மாதிரி உள்ளே கேட்கும். குளித்துவிட்டுக் கண்ணாடியில் கண் மஞ்சளா என்று இமையை இழுத்துப் பார்ப்பேன், கண்ணாடிக்குள் இருப்பவன் ஒரு நொடி தாமதமாக இழுக்கிற மாதிரி இருக்கும். கடைசியில் மனைவியிடம் சொன்னேன்.

“உள்ள நடக்குதுடி.”

“ராத்திரி தின்ன ஆறு பஜ்ஜி நடக்காம இன்னா பண்ணும்? வாக்கிங் போவுது. உங்களவிட அதுங்களுக்கு அக்கறை ஜாஸ்தி.”

அவள் சிரித்தாள். நான் ஆபீஸ் போகிற வழியில், யாருக்கும் தெரியாமல், கன்னிமார் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் லேப் கதவைச் சாத்திக்கொண்டு என்னுடையதையே பரிசோதித்தேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘ஒரு ஆண்’ என்று எழுதினேன். வடிகட்டி, தெளியவிட்டு, நீலம் கலந்து, கண்ணை வைத்தேன்.

பித்தளை மஞ்சள். மூடி. ஒன்றல்ல, சில.

நாற்காலியோடு நான் பின்னால் போன சத்தம் கேட்டு மேடம் கதவைத் தட்டினார். உள்ளே வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

“யாரோடது?”

“ஒரு ஆளுது மேடம்.”

“எந்த ஆளு?”

“நல்ல ஆளுதான் மேடம். ரெண்டு பசங்க.”

என் கையை வாங்கினார். நகத்தைப் பார்த்தார். “நேத்து ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டீங்க?”

“தோசை மேடம்.”

“அப்புறம்?”

“சாதம், கொழம்பு.”

“அப்புறம்?”

“ஈரல் வறுவல்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ஆட்டோட ஈரல்ல இருந்த முட்டை சேகர். வறுத்தாலும் அந்த ஓடு கரையாது. வாயில போயி அப்படியே வெளிய வந்திருக்கு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

நடமாட்டம் சட்டென்று நின்றுவிட்டது. ஏழு கன்னிமாரும் ஒரே வரிசையில் இறங்கிப் போனார்கள். “அப்போ நான் பொழச்சிக்கினேனா மேடம்?” என்று ஏறக்குறையக் கூவினேன்.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. மைக்ரோஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அந்தப் பொண்ணு?” என்றார்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ரத்தம் இல்லாத பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் எல்லா அம்மாவும் கொடுப்பது என்ன? ஆட்டு ஈரல். சுமதியை வரவழைத்துக் கேட்டோம். வாராவாரம் கொடுக்கிறேன், சில வாரம் இரண்டு முறை என்றார். நாங்கள் பார்த்தது பிள்ளையின் புழு போட்ட முட்டையா, ஆட்டின் புழு போட்ட முட்டையா என்று சொல்ல வழியில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் மேடம் போனில் பேசினார். அவர் நியாயமாகத்தான் பேசினார். கட்டியாக இருந்தால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் ஆபத்து, நிச்சயமாகச் சொல்லுங்கள், நிறுத்துகிறேன் என்றார். இந்தப் புழுவுக்கு மருந்து இங்கே கடையில் கிடைப்பதும் இல்லை. அதை வரவழைக்கவும் நிச்சயமான ரிப்போர்ட் வேண்டும்.

“ஈரலை நிறுத்தணும். நிறுத்தி சில நாள் கழிச்சும் முட்டை வந்தா அது அவளோடது” என்றார் மேடம். நிறுத்தச் சொல்லவே தேவையிருக்கவில்லை. கார்த்திகைக் கொடியேற்றம் வந்துவிட்டது. கொடியேறினால் தீபம் பார்க்கும்வரை எங்கள் பக்கத்து வீடுகளில் கவுச்சிப் பாத்திரத்தையே பரணில் ஏற்றிவிடுவார்கள்.

ஆனாலும் மேடம் ஒரு காரியம் செய்யச் சொன்னார். கீர்த்தனாவின் வண்டலில் மிச்சத்தை நல்ல தண்ணீரில் கழுவி ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றினேன். என்னுடையதை இன்னொன்றில். இரண்டையும் கறுப்புக் காகிதத்தில் சுற்றி அலமாரிக்குள் இருட்டில் வைத்தேன். அவ்வப்போது மூடியைத் திறந்து காற்று விட வேண்டும். எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார். அலமாரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் வேகமாக நடந்தேன். எனக்கு முதுகு காட்டிக்கொண்டு அதற்குள் எதுவோ விழித்திருக்கிற மாதிரி இருந்தது.

தீபத்துக்கு முன்பு கீர்த்தனாவின் மலத்தை மறுபடி பார்த்தோம். முட்டை இருந்தது. நான் குதித்தேன். மேடம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார்.

தீபத்தன்று காலையில் சுமதி தனியாக வந்தார். விரதம், தண்ணீர்கூடக் குடிக்காத உதடு. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேடம், கொடியேறின அப்புறமும் குடுத்தேன். எங்க அண்ணன் வூட்லேருந்து டிபன் பாக்ஸ்ல வாங்கியாந்து, கதவ சாத்திக்கினு ஊட்டுனேன். அவங்க அப்பாவுக்கே தெரியாது. ரத்தம் இல்லாம போயிடுச்சுனா எனக்கு எந்தச் சாமி வந்து தரும்? ஆனா தீபத்தன்னிக்குப் பொய்யோட மலையப் பாக்க முடியல.”

நான் வாயைத் திறந்தேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன். “உங்க இடத்துல நானும் குடுத்திருப்பேன்” என்றார் சுமதியிடம். “நீங்க போய் வெளக்கேத்துங்க.” அவர் போனதும் எழுதியிருந்த ரிப்போர்ட்டை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

மறுநாள் வெயில் வந்தது. மலை துடைத்து வைத்த மாதிரி ஜன்னலில் நின்றது. “அந்த ரெண்டு பாட்டிலையும் எடுங்க” என்றார் மேடம். “வேக வெச்ச முட்டையில உயிர் இருக்காது. பொண்ணோட ஒடம்புலேருந்து வந்ததா இருந்தா, இந்நேரம் உள்ள வளந்திருக்கணும். இருட்டுலேருந்து வெளிச்சத்துக்கு வந்தா தெறக்கும்.”

கறுப்புக் காகிதத்தைப் பிரித்து இரண்டையும் வெயிலில் வைத்தேன். முதலில் என்னுடையதில் ஒரு சொட்டு. மஞ்சள் ஓடுகள் கிடந்தன, உள்ளே வெறும் கலங்கல். அசைவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தும் அசைவில்லை.

பிறகு கீர்த்தனாவுடையது. ஓட்டுக்குள் கலங்கல் இல்லை. நீளவாக்கில் ஒன்று படுத்திருந்தது. அதற்கு ஒரு கரும்புள்ளி இருந்தது, கண் மாதிரி. வெளிச்சம் பட்டதும் அது புரண்டது. ஓட்டுக்குள் தலையால் முட்டியது. சத்தம் எதுவும் கேட்க வாய்ப்பே இல்லை, ஆனால் அந்த மூடி விலகியபோது ‘டக்’ என்று நான் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறது. மூடி கீல் போட்ட மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளிருந்தது நீண்டு, மெலிந்து, பிதுங்கி வெளியே வந்தது. வந்த வேகத்தில் சுழன்றுகொண்டே ஓடியது. யாரையோ தேடுகிற ஓட்டம். பக்கத்தில் இன்னொரு மூடி திறந்தது. பிறகு இன்னொன்று. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒவ்வொரு இமையாகத் திறந்துகொண்டே வந்தது.

“மேடம்” என்றேன். எழுந்து இடம் விட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். நானே கேட்டேன்: “இன்னொரு தடவை பாக்கட்டுமா மேடம்?”

“வேணாம்” என்றார். போனை எடுத்தார்.

ஆபரேஷன் நடக்கவில்லை. மருந்து வருவதற்குக் கொஞ்சம் தாமதமானது, வந்தது, கீர்த்தனா சாப்பிட்டாள். காய்ச்சல் நின்றது. தை பிறந்த பிறகு எடுத்த ரத்தத்தில் அந்தத் தணல் அணுக்களை நான் பழையபடி தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஸ்கேனில் திட்டுகள் சுருங்கியிருந்தன. அவளோடு ஆடு ஓட்டப் போன பிள்ளைகளையும் பரிசோதித்தோம், இன்னும் இருவருக்கு இருந்தது, அவர்களுக்கும் மருந்து கொடுத்தோம். அவள் ஏரியில் அல்லித் தண்டைப் பச்சையாகத் தின்றாள், அதில் ஒட்டியிருந்த தட்டைப்புழு அவள் கல்லீரலுக்குள் நடந்தது. நானும் தின்றேன், என் தண்டில் அது இல்லை. எனக்குள் நடந்தது ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல்.